தமிழ் உப்புத்தாள் எழுத்துப் பெட்டி: மழலையர் வகுப்புக்கு வாங்கலாமா?

மாண்டிசோரி முறையைப் பின்பற்றும் மழலையர் பள்ளிகளில் உப்புத்தாள் எழுத்துகளைப் பலர் பார்த்திருக்கக்கூடும். வழவழப்பான பலகை ஒன்றின்மேல் உப்புத்தாளில் வெட்டிய எழுத்து ஒட்டப்பட்டிருக்கும். குழந்தை சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்து, எழுதும் திசையிலேயே அதைத் தடவிக்கொண்டு, அந்த எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்லும். ரோம் நகரில் 1907இல் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப் போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகிய நமக்கும் இந்த முறை அந்நியமானதன்று. ஆயினும், கடைகளில் எளிதாகக் கிடைப்பவை ஆங்கில எழுத்துப் பெட்டிகளே. மதுரையில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் நான், இணையவழியில் விற்கும் ஒரு சிறு தயாரிப்பாளரிடமிருந்து தமிழ்ப் பெட்டியை வரவழைத்து, ஒரு கல்வியாண்டு முழுவதும் வகுப்பில் பயன்படுத்தியிருக்கிறேன்.

முதல் பெட்டியில் 31 பலகைகள் உள்ளன. உயிரெழுத்துகள் பன்னிரண்டும் நீலப் பலகையிலும், பதினெட்டு மெய்வரிசை எழுத்துகள் இளஞ்சிவப்புப் பலகையிலும், ஆய்தம் தனிப் பலகையிலும் ஒட்டப்பட்டுள்ளன. உப்புத்தாளின் சொரசொரப்பு அளவாக இருக்கிறது; மிகவும் முரடாக இருந்தால் குழந்தை இரண்டு முறை தடவியதும் விரலை இழுத்துக்கொள்ளும், மிகவும் நைசாக இருந்தால் பலகைக்கும் எழுத்துக்கும் வேறுபாடு தெரியாது. எழுத்துருவையும் கவனமாகத் தேர்ந்திருக்கிறார்கள். ‘ர’ எழுத்தின் கீழ்க்கால் தெளிவாகச் சாய்ந்து நிற்பதால் அதைத் துணைக்காலோடு குழப்பிக்கொள்ள வழியில்லை. ஒவ்வொரு பலகையின் அடிப்பக்கத்திலும் ஒரு கோடு இருப்பதால், ‘ட’வைத் தலைகீழாக வைத்துத் தடவும் வழக்கம் எங்கள் வகுப்பில் விரைவிலேயே நின்றுவிட்டது. ஆனால், எழுத்தை எங்கே தொடங்குவது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. ‘இ’, ‘ஞ’, ‘ஐ’ போன்ற சுழி நிறைந்த எழுத்துகளுக்கு அது கட்டாயம் தேவை. நானே சிவப்பு மையால் புள்ளி வைத்துக்கொண்டேன்.

இந்தப் பெட்டியில் நான் மிகவும் மதிப்பது, மெய்வரிசையைப் புள்ளி இல்லாமல் ‘க, ங, ச’ என்று அகரம் ஏறிய வடிவில் கொடுத்திருப்பதைத்தான். நம் பள்ளிகளில் ‘க்’ என்பதை ‘இக்’ என்றும் ‘ம்’ என்பதை ‘இம்’ என்றும் சொல்லிக்கொடுக்கிறோம். ஒப்பிப்பதற்கு அது வசதிதான். ஆனால் சொல்லைக் கூட்டி வாசிக்கும்போது முன்னால் ஒட்டிக்கொண்ட அந்த இகரம் குழந்தையின் காலை வாரிவிடுகிறது. ‘ப, ட, இம்’ என்று சொன்ன குழந்தைக்குப் ‘படம்’ என்ற சொல் எளிதில் காதில் விழுவதில்லை. மாறாக, ‘ம’ என்ற முழு ஒலியை முதலில் பழக்கி, பிறகு புள்ளி வைத்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று காட்டினால் போதும், ‘ப, ட’ என்று சொல்லி வாயை மூடுவதற்குள்ளேயே “படம், மிஸ்!” என்று கத்திவிடுகிறார்கள். ‘பட்டம்’ என்பதில் வரும் டகரத்தின் ஒலியும் ‘படம்’ என்பதில் வரும் டகரத்தின் ஒலியும் வேறு என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே அறிந்த சொல்லாக இருந்தால் குழந்தையின் காதே அதைச் சரிசெய்துகொள்கிறது. எனவே, தொடக்கத்தில் வாசிக்கக் கொடுக்கும் சொற்கள் வீட்டில் புழங்கும் சொற்களாக இருப்பது முக்கியம்.

பெட்டியோடு வரும் கையேடு ‘அ, ஆ, இ, ஈ’ என்ற வரிசையிலேயே தொடங்கச் சொல்கிறது. நான் அதைப் பின்பற்றவில்லை. வரைவதற்கு எளிய ‘ட, ப, ம’ மூன்றையும் முதலில் எடுத்தால், புள்ளியை அறிமுகப்படுத்திய அன்றே படம், பட்டம், மட்டம் என்று சொற்கள் கிடைத்துவிடுகின்றன. எழுத்து என்பது வாசிப்பதற்கானது என்பதைக் குழந்தை தெரிந்துகொள்ள அகரவரிசை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. “இது ப”, “ப எங்கே இருக்கிறது?”, “இது என்ன?” என்று மூன்று படிகளில் கேட்கும் மாண்டிசோரி முறையைக் கையேடு நன்றாகவே விளக்குகிறது. ஆனால் ழகரத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ‘வாளப்பளம்’ என்று பேசும் ஊரில், ‘ழ’ பலகையைக் கண்ணை மூடிக்கொண்டு பிசகாமல் தடவும் குழந்தையும் வாயால் ‘ள’ என்றே சொல்கிறது. நாக்கை எங்கே மடிப்பது என்பதை ஆசிரியர்தான் வாயைத் திறந்து காட்ட வேண்டும். பலகை அதற்கு உதவாது.

இரண்டாவது பெட்டியை அதே தயாரிப்பாளர் தனியாக விற்கிறார். கால் (ா), கொம்பு (ெ), இரட்டைக்கொம்பு (ே), விலங்கு (ி) முதலிய உயிர்க்குறிகள் மெல்லிய மரத்துண்டுகளாக அதில் இருக்கின்றன. அவற்றை மெய்வரிசைப் பலகையோடு சேர்த்து வைத்து உயிர்மெய்யை உருவாக்க வேண்டும் என்பது எண்ணம். காகிதத்தில் இது அழகான யோசனை. காலையும் விலங்கையும் பொறுத்தவரை சிக்கலும் இல்லை: ‘ப’வுக்குப் பக்கத்தில் காலை வைத்தால் ‘பா’. ஆனால் ‘பெ’ என்ற எழுத்தில் ஒலிக்கும்போது பின்னால் வரும் எகரத்தின் குறி, எழுதும்போது முன்னால் வந்து நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலி என்று பழகிய குழந்தை, கொம்பில் விரலை வைத்துக்கொண்டு, “இதுக்கு என்ன சத்தம் மிஸ்?” என்று கேட்கிறது. அதற்குத் தனியாக ஒலி இல்லை. ‘பொ’ என்றால் குறி இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. ‘பௌ’ என்றால் வலப்பக்கம் இருப்பது பார்வைக்கு ளகரமேதான். உகர, ஊகார வரிசைகளிலோ ‘கு, சு, து, பு’ என ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு விதமாகச் சுழிப்பதால் அவற்றைத் துண்டுகளால் கூட்டவே முடியாது. அதற்காக 36 அச்சிட்ட அட்டைகளைத் தனியே வைத்திருக்கிறார்கள். அவற்றில் உப்புத்தாளும் இல்லை. எந்த வரிசைக்குத் தடவிப் பழகுவது மிகவும் தேவையோ, அந்த வரிசைக்கே அதைக் கொடுக்காமல் விட்டது எனக்குப் புரியவில்லை.

ஆங்கிலப் பெட்டியின் அமைப்பை அப்படியே தமிழுக்குப் பொருத்தியதன் விளைவு இது என்று நினைக்கிறேன். உயிர்மெய்யைத் துண்டு துண்டாகப் பிரிப்பதைவிட, ‘ப, பா, பி, பீ’ என்று முழு எழுத்துகளாக, வரிசையின் ஓசையோடு பழக்குவதே நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு எளிதாக இருக்கிறது. ஒரு வரிசையை நன்கு பழகிவிட்டால், அடுத்த வரிசையில் பாதியை அவர்களே ஊகித்துச் சொல்கிறார்கள்.

பெட்டியோடு வரும் படப் புத்தகம் சுமார்தான். ணகரத்திலும் னகரத்திலும் ழகரத்திலும் தமிழ்ச் சொற்கள் தொடங்குவதில்லை என்பதை உணர்ந்து, மணி, யானை, பழம் என்று எழுத்து இடையிலோ இறுதியிலோ வரும் சொற்களைத் தந்து, அந்த எழுத்துக்கு மட்டும் சிவப்பு நிறம் கொடுத்திருப்பது பாராட்டத்தக்கது. படங்களின் அச்சு மங்கலாக இருக்கிறது.

முதல் பெட்டி இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கிறது. வகுப்புக்கு வாங்கும் பள்ளிகளுக்கு அது தகுந்த விலைதான். தினமும் பல கைகள் பட்டும் மூன்று பலகைகளில் மட்டுமே ஓரம் பிரிந்தது, அதையும் பசை வைத்து ஒட்டிவிட்டோம். வீட்டில் ஒரே குழந்தைக்காக வாங்குபவர்கள் ஒரு தட்டில் ரவையைப் பரப்பி அதில் எழுதச் செய்தாலே பெரும்பகுதிப் பயனைப் பெறலாம். இரண்டாவது பெட்டியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உகர, ஊகார வரிசைகளை உப்புத்தாளில் வெட்டித் தனியாக விற்றால், அந்த 36 பலகைகளையும் மறுநாளே வாங்கிக்கொள்வேன். தயாரிப்பாளருக்கும் இதை எழுதியிருக்கிறேன்.