உடற்பயிற்சிக்கு மறுநாள் வரும் அயர்வு: வன்னியில் எங்கே விடை தேடுவது?

நீரிழிவுக்காக நாள்தோறும் முப்பது நிமிடம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் டெங்குக் காய்ச்சலில் ஒரு கிழமை வாட்டில் கிடந்து எழும்பிய பிறகும் அந்த நடையை நான் விடவில்லை. விடிகாலையில் இரணைமடு வாய்க்கால் ஓரமாக நடந்து வந்தால் அன்று முழுவதும் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில்தான் உடம்பு கணக்குக் கேட்கும். “அடிச்சுப் போட்ட மாதிரி” என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்களே, அதுவேதான்: தொண்டை நோவு, கைகால் உளைவு, வாசித்த வரியையே மீண்டும் மீண்டும் வாசிக்க வேண்டிய மந்தம். இரண்டு மூன்று நாள் நித்திரை கொண்டாலும் அது தீராது. இதற்கு விடை தேடி நான் போன இடங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். இதே வருத்தத்தோடு எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவர்கள் இலங்கையின் வடக்கே உள்ள எங்கள் வன்னியில் பலர் இருக்கிறார்கள்.

இடத்தைத் தெரிவதற்கு முன்னர், களைப்பு எப்போது வருகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நடக்கும்போதே மூச்சு வாங்குவதும், வேலை முடிந்து 12 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் உடம்பு சரிவதும் வெவ்வேறு செய்திகள். என் அண்ணிக்கும் “களைப்பு”தான். ஆனால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிய உடனேயே அவருக்கு இளைத்தது. வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்தபோதே இதய வால்வில் பழுது இருக்கலாம் என்று சொல்லிவிட்டார், எக்கோ பரிசோதனையும் அதையே காட்டியது. சொல் ஒன்றாக இருந்ததால் எங்கள் இருவருக்கும் ஒரே நோய் என்று வீட்டில் பல மாதங்கள் நம்பியிருந்தோம். பயிற்சியின்போது நெஞ்சு இறுகினாலோ, மயங்கி விழுந்தாலோ, பிறகு சிறுநீர் தேயிலைச் சாய நிறத்தில் போனாலோ இந்த ஒப்பீடு எதுவும் தேவையில்லை. 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸில் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பெரும்பாலானோர் முதலில் போவது சந்தியில் உள்ள தனியார் டிஸ்பென்சரிக்கு. மாலையிலும் திறந்திருக்கும், கூலி வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளம் போகாது. இந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே எனக்குக் கிடைத்தது சேலைனும் விற்றமின் ஊசியும். சித்திரை வெயிலில் வேலை செய்து நீர் வற்றியவருக்குச் சேலைன் அன்றைக்கு உதவும், ஏன் களைக்கிறது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. நீரிழிவு உள்ளவருக்குக் குளுக்கோஸ் கலந்த போத்தல் ஏற்றினால் சீனி ஏறும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று தடவை போயும் என் கையில் ஒரு தாள்கூட மிஞ்சவில்லை.

மாவட்ட வைத்தியசாலையில் நிலைமை நேர்மாறானது. ஓபிடி என்னும் வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் காலை முழுவதும் போகும், வைத்தியருக்கு முன்னால் இருப்பதோ சில நிமிடங்கள், அடுத்த முறை இருப்பவர் வேறொருவர். ஆயினும் முதலில் பார்க்க வேண்டியவை அங்கேதான் பார்க்கப்பட்டன: இரத்த அணுக்களின் எண்ணிக்கை, சீனி, தைரொயிட், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின், சிறுநீரில் புரதம், ஈசிஜி. இவற்றில் சிலவற்றுக்கு வன்னியில் தனிக் காரணம் உண்டு. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுகிறது. அது தொடக்கத்தில் வலியின்றி வளர்வதால் வயலில் நிற்கும் ஒருவர் தம் களைப்பை வெயிலின் மேல் போட்டுவிடுவார். எலிக்காய்ச்சல் வந்து தேறியவருக்கும் நெடுநாள் அயர்வு இருக்கலாம். குருதிச்சோகை என்றவுடன் இரும்புக் குளிசையை வாங்கி விழுங்குவதும் சரியல்ல, ஏனெனில் பரம்பரையாக வரும் இரத்த நோயான தலசீமியாவின் மெல்லிய வடிவமும் இரத்த அறிக்கையில் ஏறத்தாழ அதே தோற்றத்தைத் தரும். பிறசருக்காகக் குடிக்கும் அற்றெனலோல் போன்ற மருந்தே கால்களைக் கனக்கச் செய்யலாம். அதைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

இதைவிடப் பெரிதாக நான் மதிப்பது, ஒவ்வொரு தடவையும் வைத்தியர் எழுதி நம் கையில் தரும் கிளினிக் கொப்பியை. வைத்தியர் மாறினாலும் கொப்பி மாறுவதில்லை. எந்த நாள் எவ்வளவு நடந்தேன், எந்த நாள் விழுந்தேன் என்று நானே ஒரு தாளில் எழுதி அதற்குள் வைக்கத் தொடங்கிய பிறகுதான் என் கதைக்கு ஒரு வடிவம் கிடைத்தது. ஐந்தாவது தடவையில் ஓர் இளம் வைத்தியர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, “நடந்த அன்று அல்ல, அடுத்த நாளா?” என்று கேட்டார். அதற்கு முன்னர் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அதே வரிசையில்தான் “எல்லாம் மனந்தான்” என்ற பதிலையும் கேட்டேன். 2009 இல் போர் முடிந்த பிறகு எங்கள் மண்ணில் இழப்பில்லாத வீடு அரிது, ஆகவே எந்த நோவையும் அந்த இழப்பின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. மனச்சோர்வும் உடலை முறிக்கும், அதற்கும் மருத்துவம் உண்டு, அதை நாடுவதில் வெட்கமில்லை. ஆனால் அது பரிசோதித்து அடையும் முடிவாக இருக்க வேண்டும். கேள்வியை மூடும் பதிலாக இருக்கக் கூடாது. எனக்கு நடக்க ஆசை இருந்தது, நடந்தால்தான் விழுந்தேன். இந்த வேறுபாட்டைச் சொல்ல எனக்கு நேரம் தரப்படவில்லை.

யாழ்ப்பாணத்தில் விசேட வைத்தியரைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டித் தனியாராக நேரம் பதிந்து, பார்ப்பது மற்றொரு வழி. கிளிநொச்சியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீற்றர், மாங்குளத்துக்கு அப்பால் இருப்பவருக்கு அதைவிடத் தூரம். ஒரு நாளும், வைத்தியர் கட்டணமும், பஸ் காசும் போகும். பயணமே எனக்கு இரண்டு நாள் படுக்கையைத் தந்தது என்பதையும் செலவில் சேர்க்க வேண்டும். வெறுங்கையோடு போனால் அரச வைத்தியசாலையில் இலவசமாகச் செய்திருக்கக்கூடிய பரிசோதனைகளையே காசு கொடுத்துச் செய்வீர்கள்; என் அயலவர் ஒருவருக்கு அதுதான் நடந்தது. நான் கொப்பியோடு போனதால் பழையவற்றை விட்டுவிட்டு நேரே விடயத்துக்கு வந்தார்கள். படுக்க வைத்து நாடித்துடிப்பை எண்ணி, பின்னர் பத்து நிமிடம் நிற்க வைத்து எண்ணினார்கள்: 74 இலிருந்து 108 ஆனது. பெரியவர்களுக்கு 30 இற்கு மேல் கூடினால் கவனிக்க வேண்டும் என்றும், நீரிழிவு நரம்புகளைத் தாக்கியிருந்தாலும் இப்படி மாறலாம் என்பதால் அதையும் பார்க்க வேண்டும் என்றும் விளக்கினார்கள். மற்றக் காரணங்கள் விலகிய பிறகு சொல்லப்பட்ட பெயர், நாட்பட்ட களைப்பு நோய். அதை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்த அயர்வு, முயற்சிக்குப் பின் மோசமாதல், நித்திரை கொண்டும் தெளியாமை, அவற்றோடு மறதி மந்தமோ நிற்கும்போது தளர்தலோ இருத்தல் என்று 2015 இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வகுத்த அளவுகோலை வைத்தே முடிவு செய்கிறார்கள். அதாவது, நோயாளி சொல்லும் கதையே இங்கு பரிசோதனை.

வைத்தியர் துண்டு இல்லாமல் தனியார் ஆய்வுகூடத்தில் “முழு உடற் பரிசோதனை” செய்வது எனக்கு வீண் செலவாகவே முடிந்தது. எல்லாம் சரி என்ற அறிக்கை வந்தது, வருத்தம் அப்படியே இருந்தது.

சித்த வைத்தியரோ நித்திரை, சமிபாடு, உணவு என்று முக்கால் மணித்தியாலம் விசாரித்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது, அரச சித்த மருத்துவமனைகளும் உள்ளன. ஆகவே பட்டம் பெற்றவரை நாடுவது கடினமில்லை. கேட்கும் பொறுமையில் அவரை மிஞ்ச ஆளில்லை. எண்ணெய் பூசிக் குளித்ததில் கைகால் உளைவு குறைந்ததும் உண்மை. ஆனால் இரத்தத்திலும் சிறுநீரகத்திலும் என்ன இருக்கிறது என்று தெரியும் முன்னர் அங்கே தொடங்குவதை நான் ஏற்க மாட்டேன், பாதரசமும் பிற உலோகங்களும் சேர்ந்த பற்பம், செந்தூரம் என்றால் இன்னும் கூடுதலாக மறுப்பேன்.

ஆகவே என் தெரிவு அரச கிளினிக்தான். கொப்பி நிறைந்த பிறகு ஒரேயொரு தடவை யாழ்ப்பாணம், பிறகு மீண்டும் அதே கிளினிக்.

பெயர் கிடைத்த பின்னரும் ஒரு முரண் எஞ்சியிருந்தது. நீரிழிவுக் கிளினிக்கில் நடையைக் கூட்டச் சொல்கிறார்கள். இந்த நோய்க்கோ, பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையைப் பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 இல் தன் வழிகாட்டலிலிருந்து விலக்கிவிட்டது. உடம்பு தாங்கும் எல்லைக்குள் நிற்பதையே அது சொல்கிறது. இரண்டு அறிவுரைகளையும் ஒரே வைத்தியரின் மேசையில் வைத்துக் கேட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை, மறுநாள் உடம்பு கேட்டால் அன்று நடை இல்லை, சீனிக்குக் குளிசையின் அளவைப் பார்ப்போம் என்று கொப்பியில் எழுதித் தந்தார். வாய்க்கால் வரை நான் இன்னும் போகவில்லை, படலையடியில் திரும்பிவிடுகிறேன்.