லேண்ட் ரோவர் சீரிஸ் 3: விடாமல் உரசும் பிரேக்கைக் கண்டறிதல் – ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பிரேக் பிடிக்காமல் போனால் ஓட்டுநருக்கு உடனே தெரிந்துவிடும். பிடித்த பிரேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டே இருப்பது அப்படியல்ல. வண்டி சற்று இழுவையாக ஓடும், இறக்கத்தில் தானாக உருள வேண்டிய இடத்தில் தயங்கும், எரிபொருள் சிறிது கூடுதலாகச் செலவாகும். பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது. பிரேக் ஷூ எனும் வளைந்த தகட்டில் ஒட்டிய உராய்வுப் பட்டைதான் லைனிங்; அது உரசினால் சக்கரத்தோடு சுழலும் டிரம்மைச் சூடாக்குகிறது. அந்தச் சூடு ஹப் பேரிங்கையும் ஆயில் சீலையும் கெடுத்து, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயிலையும் எட்டுகிறது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர வரையறை. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் தரை வரை போகும். ஆகவே, இன்று விடாமல் பிடிக்கும் பிரேக் நாளை பிடிக்காத பிரேக்காக மாறக்கூடும்.

1971 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்ட சீரிஸ் 3 வரிசையில், 88 அங்குல வீல்பேஸ் கொண்ட வண்டியைப் பல ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். என் வண்டியில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், மிதிவிசையைக் கூட்டும் சர்வோ இல்லை, நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஹைட்ராலிக் வழிதான். முன் சக்கரங்களுக்குத் தலா ஒரு ரப்பர் ஹோஸ், பின் ஆக்சிலுக்குப் பொதுவாக ஒன்று என மூன்று ஹோஸ்கள் உள்ளன. ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை. என்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்புறம் தனி டிரம்மாக அமர்ந்து, பின் ஆக்சிலுக்கு விசை கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. இந்த எளிய அமைப்பை மனத்தில் வரைந்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் காரணம் அந்தச் சக்கரத்திலோ அதன் ஹோஸிலோ இருக்கும். பின் சக்கரங்கள் இரண்டும் சுட்டால் பின் ஹோஸைச் சந்தேகிக்க வேண்டும். நான்கும் சுட்டால் பெடலிலும் அது அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலும் தொடங்க வேண்டும்.

என் வண்டியில் சுட்டது முன் இடது சக்கரம். காலையில் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுழற்றினால் அது தாராளமாகச் சுற்றியது. நெடுந்தூரம் ஓடிய பிறகோ, பிரேக்கை அழுத்தி விட்டவுடன் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்து, சில நொடிகள் கழித்தே நேராகியது. பிரேக் உரசலைக் கண்டறிவதில் நான் உறுதியாக நம்புவது ஒன்றுதான்: கோளாறு வெளிப்படும் சூட்டிலேயே, அழுத்தம் எங்கே தேங்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஆறிய வண்டியைக் கழற்றிப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அதன் பின் அவர் ஊகத்தில் வீல் சிலிண்டர், ஷூ, ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குவார். அதைக் கண்டறிதல் என்று சொல்ல முடியாது.

சோதனைக்கு ஒரு ஸ்பேனர், ஒரு சிறு ரப்பர் குழாய், ஒரு பாட்டில் ஆகியவை போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நான்கு சக்கர இயக்கத்தை விடுவித்து, சந்தேகத்துக்குரிய சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம், ஏனெனில் சூடான ஆயில் பீறிட்டு வரும். பெயின்ட்டில் பட்டால் அதையும் அரித்துவிடும். சக்கரம் இறுக்கமாக இருக்கும்போதே வீல் சிலிண்டரிலிருந்து ஆயிலை வெளிவிடும் ப்ளீடர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தேன். ஆயில் ஒருமுறை வேகமாகப் பாய்ந்து நின்றது. டிரம்முக்குள் ஷூ பின்வாங்கும் மெல்லிய ‘டக்’ ஒலி கேட்டது. சக்கரம் கையோடு சுழன்றது. திறந்த பிறகும் சக்கரம் இறுக்கமாகவே இருந்திருந்தால் கோளாறு ஷூ, ஸ்பிரிங், அட்ஜஸ்டர் போன்ற இயந்திரப் பாகங்களில் இருந்திருக்கும். விடுபட்டதால், அழுத்தம் குழாய்வழியில் சிக்கியிருந்தது உறுதியானது.

நிப்பிளை மூடி, பெடலை மீண்டும் அழுத்திச் சக்கரத்தை இறுக வைத்துவிட்டு, இம்முறை ஹோஸின் மேல்முனையில் இரும்புக் குழாய் சேரும் இணைப்பைத் தளர்த்தினேன். அங்கே ஆயில் சொட்டியதே தவிர, சக்கரம் விடவில்லை. அதாவது, அந்த இணைப்புக்கும் நிப்பிளுக்கும் நடுவே அடைப்பு இருக்கிறது. நடுவே இருப்பது ஹோஸ். கழற்றியதை நீளவாக்கில் கீறிப் பார்த்தபோது, வெளியே ஒரு வெடிப்புகூட இல்லாத அந்த ஹோஸின் உட்சுவர் உரிந்து, நாக்குபோல் துளைக்குள் மடங்கிக் கிடந்தது. பெடலை மிதிக்கும் பெரும் அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ரிட்டர்ன் ஸ்பிரிங்கின் சிறு விசையால் ஆயிலைத் திருப்பி அனுப்ப முடிவதில்லை. சூட்டில் ரப்பர் மேலும் இளகுவதால் அடைப்பும் கூடுகிறது. வயதான ரப்பர் ஹோஸை வெளித்தோற்றம் பார்த்து நல்லது என்று சொல்லவே முடியாது. ஒன்று இப்படிப் போனால், அதே வயதுள்ள மற்ற இரண்டையும் சேர்த்து மாற்றுவதே சரி. நானும் மூன்றையும் மாற்றினேன்.

நான்கு சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும்போது அடையாளம் வேறு. ஓட ஓடப் பெடல் மேலேறிக் கெட்டியாகும், பெடலின் ஃப்ரீ பிளே, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் உள்ள தளர்வு, மறைந்துபோகும். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வந்தால்தான் அதன் ஈடுசெய் துளை திறந்து, சூட்டில் விரியும் ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்பும். பெடலின் தள்ளுகோலான புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் துளை மூடியே நிற்கும். பெடலின் பிவட் துருப்பிடித்தாலும், பிரேக் விளக்கு சுவிட்ச் தவறான இடத்தில் நின்று பெடலைத் தடுத்தாலும் இதே விளைவுதான். தவறுதலாக என்ஜின் ஆயில் போன்ற பெட்ரோலிய எண்ணெய் ரிசர்வாயரில் கலந்திருந்தால் ரப்பர் சீல்கள் அனைத்தும் ஊதிப் பிடித்துக்கொள்ளும். அந்நிலையில் ஒன்றிரண்டு பாகங்களை மாற்றிப் பயனில்லை, ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் மாற்றி, குழாய்களையும் கழுவ வேண்டும்.

பிரேக் உரசல்போலத் தோன்றும் வேறு இரண்டும் இந்த வண்டியில் உண்டு. முன், பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாததால், கெட்டியான தார்ச் சாலையில் நான்கு சக்கர இயக்கத்தோடு ஓட்டினால் இரு ஆக்சில்களுக்கும் இடையே முறுக்கம் ஏறி, வண்டி பிரேக் பிடித்ததுபோலவே நிற்கும். மற்றொன்று ஹேண்ட் பிரேக் ஷூவின் உரசல். பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து ஒன்றைச் சுழற்றும்போது மற்றது எதிர்த்திசையில் எளிதாகச் சுற்றினால், சக்கர பிரேக்குகளில் குற்றமில்லை. புரொப்பல்லர் ஷாஃப்டை ஏதோ பிடித்து வைத்திருக்கக்கூடும்.

ஹோஸ்களை மாற்றிய பின் அந்த இழுப்பு திரும்பவில்லை. சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கிய பிறகு டிரம்களைக் கழற்றிச் சுத்தம் செய்வது என் வழக்கம். ஷூக்களைத் தாங்கும் பின்தட்டில் ஷூ உராயும் மேடைகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுகிறேன், ஏனெனில் ஷூவின் விளிம்பு அந்தப் பள்ளத்தில் சிக்கினால் நல்ல ஸ்பிரிங்காலும் அதை மீட்க முடியாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதுவதில்லை, ஈரத்துணியால் துடைக்கிறேன். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுகிறேன். நீண்ட பயணத்தின் முடிவில், பிரேக்கை அதிகம் தொடாமல் வண்டியை மெல்ல நிற்கவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு டிரம்களையும் அளக்கிறேன். ஒரே ஆக்சிலின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் வண்டியைக் கொட்டகையில் விடுகிறேன், காட்டாவிட்டால் சூடு ஆறுவதற்குள் ஸ்பேனரை எடுக்கிறேன்.