ரூட் 66 மோட்டலுக்கு முன்பணம் கட்டுமுன்

டாலஸிலிருந்து கிராண்ட் கேன்யனுக்குக் காரில் போகிறவர்களே, வழியில் பழைய மோட்டலில் ஓர் இரவு தங்கும் ஆசை இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

ரூட் 66, 1926இல் சிகாகோவிலிருந்து மேற்கே போட்ட நெடுஞ்சாலை. பக்கத்திலேயே ஐ-40 என்ற விரைவுச்சாலை வந்ததும் வண்டிகள் அதில் போய்விட்டன; 1985இல் நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே இதை எடுத்துவிட்டார்கள். தப்பிப் பிழைத்த மோட்டல்களில் சில இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. நியூ மெக்சிகோ மாநிலத்து டூகம்கேரியில் 1939இல் கட்டிய ப்ளூ ஸ்வாலோ மோட்டலில் அறையை ஒட்டியே கார் நிறுத்தக் கராஜ் உண்டு. அங்கே இடம் கிடைக்கவில்லை, எங்கள் நேரம்.

மாட்டிக்கொண்டது வேறு ஊரில், வேறு மோட்டலில். இணையத்தில் படம் பிரமாதம்: பச்சை டைல்ஸ் குளியலறை, சுழற்றும் டெலிபோன், வாசலில் நியான் கள்ளிச்செடி. 140 டாலர், ரத்து செய்தால் திரும்ப வராது. சரி என்று கட்டிவிட்டேன்.

போய் இறங்கினால் நியான் எரியவே இல்லை. படத்தில் இருந்தவை முன்வரிசை அறைகளாம், நான்கே நான்குதான். எங்களுக்குப் பின்வரிசை. உள்ளே போனதும் என் மனைவி போன் வெளிச்சத்தில் மெத்தையின் மூலையைத் தூக்கினாள். தையலோரம் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். அதன் நடுவே ஒன்று நகர்ந்தது. மூட்டைப்பூச்சி! மேனேஜர் மாற்று அறை தருகிறேன் என்றார். அடுத்த அறையேதான், ஒரே சுவர். பணம் மட்டும் வராதாம். கார்டு கம்பெனியில் புகார் கொடுத்து ஒன்றரை மாதம் இழுத்து வாங்கினேன், அதுவும் படம் எடுத்து வைத்திருந்ததால்.

எதிரே இருந்த டைனரிலும் ஏமாந்தேன். பில்லில் 20% டிப் ஏற்கெனவே சேர்த்திருந்தார்கள். கீழே டிப்புக்குத் தனியாக ஒரு கோடு. பசி மயக்கத்தில் அதிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதில் பாதித் தப்பு என்னுடையது.

இப்போதெல்லாம் மோட்டலுக்கே போன் போட்டு, படத்தில் உள்ள அறைதான் எனக்கா, எந்த எண் என்று கேட்கிறேன். அறையைப் பார்த்துவிட்டுத்தான் கார்டை நீட்டுவேன். அதற்கு மூஞ்சியைச் சுளித்தால் கிளம்பிவிடலாம். ஐ-40 ஓரம் சாதாரண ஹோட்டல்கள் நிறைய உண்டு. அன்று இரவு பதினொன்றரைக்கு நாங்களும் அங்கேதான் போய்ப் படுத்தோம்.

வீடு திரும்பியதும் துணி முழுவதையும் ட்ரையரில் அதிகச் சூட்டில் ஓட்டினோம். பெட்டி இரண்டும் இன்னும் கராஜில்தான் கிடக்கின்றன. உள்ளே கொண்டுவர அனுமதி இல்லை.