மோரிசன் மேசைக் கூண்டு: ஒரு மதிப்பீடு

இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சிலிருந்து குடும்பங்களைக் காக்க பிரிட்டிஷ் அரசு வீடுகளுக்கு வழங்கிய சாதனங்களில், 1941 மார்ச்சில் வந்த மோரிசன் கூண்டுக்கே நான் முதலிடம் தருவேன். பொறியாளர் ஜான் பேக்கர் வடிவமைத்த இது, உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் ஹெர்பர்ட் மோரிசனின் பெயரால் அழைக்கப்பட்டது.

இதற்கு முன்பே, 1939 முதல் வழங்கப்பட்டுவந்த ஆண்டர்சன் பதுங்கிடம், தோட்டத்தில் பள்ளம் தோண்டிப் பாதி புதைத்து, மேலே மண்ணைக் கொட்டி மூடவேண்டிய நெளிதகட்டுக் கூடாரமாகும். அது உறுதியானதுதான், ஆனால் தோட்டம் இல்லாதவர்களுக்கு அதனால் பயனில்லை. தோட்டம் இருந்தவர்களும், தண்ணீர் ஊறிய குழிக்குள் நடுக்கும் குளிரில் கைக்குழந்தையுடன் இரவைக் கழிக்கவேண்டியிருந்ததால், அபாயச் சங்கு ஒலித்த பின்னும் பலர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டனர்.

மோரிசன் கூண்டு இந்தச் சிக்கலை நேரடியாகத் தீர்த்தது. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் 75 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட இந்த எஃகுக் கூண்டு தரைத்தளத்து அறையில் பகலில் சாப்பாட்டு மேசையாகவும், இரவில் பக்கங்களில் கம்பிவலை மாட்டிய படுக்கையாகவும் பயன்பட்டது. தூங்கும் குழந்தையை எழுப்பி வெளியே தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதில்லை என்பதே பெற்றோருக்கு இதன் பெரிய வசதி. இடிந்து விழும் மேல்தளத்தின் வேகத்தைச் சட்டங்கள் வளைந்து உள்வாங்கிக்கொள்ளும்படி பேக்கர் கணக்கிட்டிருந்தார். விறைத்து நின்று எதிர்க்கும் கனமான கட்டமைப்பைவிட மலிவான இவ்வழியை அவர் தேர்ந்ததை நான் மிகவும் மெச்சுகிறேன். கடுமையாகச் சேதமடைந்த 44 வீடுகளை ஆராய்ந்தபோது, கூண்டுகளுக்குள் இருந்த 136 பேரில் 3 பேர் மட்டுமே இறந்திருந்தனர்.

குறைகளும் உண்டு. நேரடியாக விழும் குண்டை இது தாங்காது. தாங்கும் என்று அரசும் சொல்லவில்லை. பெரியவர்கள் உள்ளே நிமிர்ந்து உட்கார முடியாது. இடிபாடுகள் சூழ்ந்துவிட்டால் மீட்புப் படையினர் வரும்வரை காத்திருக்கவேண்டும். 300-க்கும் மேற்பட்ட பாகங்களை வீட்டுக்காரர்களே முடுக்கிப் பொருத்தவும் வேண்டும், இது எல்லார் கைக்கும் வசப்படும் வேலையன்று.

ஆண்டு வருமானம் 350 பவுண்டுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு இலவசமாகவே தரப்பட்டதால், விலையைப் பற்றிக் குறைசொல்ல இடமில்லை. என் பெருங்குறை இது வந்த காலத்தைப் பற்றியது. லண்டன்மீதான தொடர் குண்டுவீச்சு 1940 செப்டம்பர் 7 அன்று தொடங்கி 1941 மே மாதத்தில் தணிந்தது. ஏறத்தாழ 5 லட்சம் கூண்டுகள் வீடுகளைச் சென்றடைந்தபோது அந்த ஆண்டே முடிந்திருந்தது.