லண்டனில் பழைய கவுன்சில் பிளாட் வாங்குகிறீர்களா? கையெழுத்துக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

முதல் வீடு தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அதிலும் முன்பு கவுன்சிலுக்கு, அதாவது உள்ளூராட்சி மன்றத்துக்கு, சொந்தமாக இருந்த பிளாட்டைப் பார்த்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள். கட்டட மராமத்துக்கு என்று எங்களுக்கு வந்த பில் 22,320 பவுண்டு. ஒரே ஒரு கடிதத்தை யாராவது முன்னாலேயே காட்டியிருந்தால் இது எங்கள் தலையில் விழுந்திருக்காது, அந்தக் கடிதமோ வீடு வாங்கும் சட்ட வேலைக்கு நாங்கள் காசு கொடுத்து அமர்த்திய சொலிசிட்டரிடமே (வக்கீலிடமே) இருந்தது.

2023 பிப்ரவரியில் வாங்கினோம். தென்கிழக்கு லண்டன், 1960களில் கவுன்சில் கட்டிய நான்கு மாடிச் செங்கல் கட்டடம், இரண்டு பெட்ரூம், விலை 3 லட்சத்து 18 ஆயிரம் பவுண்டு. நானும் மனைவியும் லைஃப்டைம் ஐசா என்ற சேமிப்புக் கணக்கில் வருஷம் ஆளுக்கு 4,000 போட்டு, அதற்கு அரசு தரும் 1,000 போனஸையும் சேர்த்து மூன்று வருஷத்தில் சேர்த்த 30,000 பவுண்டுதான் டெபாசிட்டில் பெரும்பகுதி. ஊருக்கு ஒரு தடவைகூடப் போகாமல் சேர்த்தது. இந்த வீடு பிடித்துப்போனதில் தப்பே இல்லை, அறைகள் பெரிது, அதே விலைக்குப் புதுக் கட்டடத்தில் ஒரு பெட்ரூம்தான் கிடைத்தது.

1980இல் தாட்சர் அரசு கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டத்தில், கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் அதைத் தள்ளுபடி விலையில் சொந்தமாக வாங்கிக்கொள்ள உரிமை கிடைத்தது. அப்படி வாங்கியவர்கள் விற்று, கைமாறி வருவதுதான் இன்று சந்தையில் இருக்கும் இந்த வீடுகள். தனி வீடு என்றால் பெரும்பாலும் நிலத்தோடு உங்களுக்கு. பிளாட் என்றால் அப்படியில்லை, உங்களுக்குக் கிடைப்பது லீஸ் மட்டும், அதாவது நீண்ட காலத்துக்கு அதில் இருக்கும் உரிமை. கூரை, படிக்கட்டு, வெளிச்சுவர் எல்லாம் இன்னும் கவுன்சிலுடையது, அதைப் பழுது பார்த்தால் உங்கள் பங்கைக் கேட்பார்கள். ஏஜென்ட் எங்களிடம் "சர்வீஸ் சார்ஜ் வருஷத்துக்கு 1,140தான், இவ்வளவு குறைவாக எங்கேயும் கிடைக்காது" என்றார். அது பொய்யில்லை. ஆனால் அது விளக்கு, துப்புரவு, இன்சூரன்ஸ் மாதிரி அன்றாடச் செலவு மட்டும்தான், பெரிய மராமத்து தனிக் கணக்கு என்று அவர் வாயே திறக்கவில்லை.

சொலிசிட்டரையும் அதே ஏஜென்ட்தான் கைகாட்டினார். "எங்களோடு வேலை செய்து பழகியவர்கள், சீக்கிரம் முடிப்பார்கள்" என்றார், நாங்களும் சரி என்றோம். அந்த அலுவலகத்தில் எங்கள் ஃபைலைப் பார்த்தவர் மூன்று தடவை மாறினார். போன் போட்டால் எடுக்க மாட்டார்கள், எல்லாம் மின்னஞ்சல்தான். கடைசியில் ஒரு நீண்ட அறிக்கை வந்தது, அதில் "மேனேஜ்மென்ட் பேக்கில் உள்ள விவரங்களைக் கவனித்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி. கட்டட நிர்வாகம் பற்றிய தாள்களின் தொகுப்பு அது. அந்தப் பேக் எங்கே என்று கேட்கத் தெரியவில்லை எங்களுக்கு.

வீட்டுக்கு வந்து ஏழு மாதம் இருக்கும், கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்ட ஆரம்பித்தார்கள். அதே மாடியில் முப்பது வருஷமாக வாடகைக்கு இருக்கும் ஒரு ஜமைக்காக்கார அம்மாவிடம் கேட்டேன். "கூரை மாற்றப் போகிறார்கள், போன வருஷமே கூட்டம் போட்டுச் சொன்னார்களே, உங்களுக்குச் சொல்லவில்லையா?" என்றார். நான் லீஸ்காரன் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்த வேலைக்குத் தனி பில் கிடையாது, எங்களுக்கு உண்டு.

2024 வசந்தத்தில் கவுன்சிலின் பழுப்பு உறை வந்தது. கூரை, ஜன்னல்கள், சாரம், பொது மின்வயரிங், எங்கள் பங்கு 22,320. மனைவி அதை மூன்று முறை படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுப்பை அணைத்தாள்.

சட்டப்படி ஒரு லீஸ்காரரின் பங்கு 250 பவுண்டைத் தாண்டும் எந்த வேலைக்கும் முன்கூட்டியே அறிவிப்பு கொடுக்க வேண்டும், செக்‌ஷன் 20 நோட்டீஸ் என்பார்கள். கவுன்சில் கொடுத்திருந்தது. 2022 செப்டம்பரில், எங்களுக்கு விற்றவருக்கு. பில் வரும் நாளில் லீஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் கட்ட வேண்டும். சொலிசிட்டரிடம் எங்கள் முழு ஃபைலையும் கேட்டு வாங்கினோம். ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பிக்கொண்டிருந்தபோது 31ஆம் பக்கத்தில் மனைவி விரலை வைத்தாள். "என்னங்க, இது நம்ம கதவு நம்பர்தானே?" அதே நோட்டீஸ். நவம்பரிலேயே அவர்களிடம் வந்துவிட்டது. நாங்கள் கையெழுத்துப் போட்டது பிப்ரவரியில். விற்றவர் நிரப்பிய படிவத்தில், இப்படி நோட்டீஸ் ஏதாவது வந்ததா என்ற கேள்விக்கு நேரே "இல்லை" என்று டிக்.

சொலிசிட்டர் அலுவலகத்தில் கேட்டால், இணையத்தில் ஏற்றியிருந்தோம், நீங்கள்தான் திறந்து பார்க்கவில்லை என்கிறார்கள். அந்த லிங்க் 14 நாளில் காலாவதியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. மருத்துவர் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, படித்துப் பார்க்காதது உன் குற்றம் என்று சொல்வது போல இருக்கிறது. அவர்களிடம் எழுத்தில் புகார் கொடுத்தோம், எட்டு வாரம் கழித்து வந்த பதில் அதுவேதான், அதனால் இப்போது வக்கீல்கள் மீதான புகார்களை விசாரிக்கும் லீகல் ஆம்புட்ஸ்மனிடம் போயிருக்கிறோம். அதற்கும் கெடு இருக்கிறது, நிறுவனத்தின் கடைசிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பணத்தைக் கவுன்சில் 36 மாதத் தவணையாக்கிக் கொடுத்தது, மாதம் 620.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஏஜென்ட் சொல்லும் சொலிசிட்டரை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பெரும்பாலும் அவருக்கு அதில் கமிஷன் போகும். யாராக இருந்தாலும், லீஸ் வீட்டைப் பற்றிய கேள்விகளுக்குக் கட்டட நிர்வாகம் பதில் எழுதித் தரும் எல்பிஇ1 (LPE1) படிவத்தையும் கூட வரும் தாள்களையும் அப்படியே அனுப்பச் சொல்லி, செக்‌ஷன் 20 நோட்டீஸ் இருக்கிறதா, அடுத்த ஐந்து வருஷத்தில் பெரிய வேலை திட்டத்தில் இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். இருக்கிறது என்றால் வீட்டை விட்டுவிட வேண்டியதில்லை, விலையைக் குறைக்கலாம், அல்லது விற்பவர் பணத்தில் ஒரு பகுதியைச் சொலிசிட்டரிடமே நிறுத்திவைக்கச் சொல்லலாம். எல்லாம் எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது இரு தரப்பும் ஒப்பந்தம் மாற்றிக்கொண்டு கட்டுப்படும் நாளுக்கு, முன்னால், அதற்கப்புறம் பின்வாங்கினால் டெபாசிட் போய்விடும். நேரில் போகிறபோது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அந்த அம்மாவிடம் நாங்கள் வாங்கும் முன் ஐந்து நிமிஷம் பேசியிருக்கலாம்.

தனி வீடு வாங்குகிறவர்களுக்கு வேறு ஒன்று. போருக்குப் பின் அவசரமாகக் கட்டிய கான்கிரீட் வார்ப்பு வீடுகள், ஏரி (Airey), கார்னிஷ் யூனிட் (Cornish Unit) என்ற வகைகள் போன்றவை, 1984இலேயே குறைபாடுள்ளவை என்று சட்டத்தில் ஏறியவை. வெளியே செங்கல் தெரிந்தாலும் உள்ளே என்ன என்று சர்வேயரை வைத்துப் பாருங்கள், பல வங்கிகள் கடன் தர மாட்டா.

பேக் கையில் வந்து புரியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். வக்கீல் இல்லை நான், ஆனால் எந்தப் பக்கத்தில் என்ன தேட வேண்டும் என்று இப்போது தெரியும், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.