தபால் ஒழுங்குமுறை ஆணையத்தின் கோப்பறை: பார்சல் அனுப்புகிறவன் பார்வையில்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை.

எதற்கு? வாஷிங்டனில் நியூயார்க் அவென்யூவில் இருக்கும் அமெரிக்கத் தபால் ஒழுங்குமுறை ஆணையம், வெளிநாட்டுப் பார்சல்களுக்கான பேரம் பேசிய விலை ஒப்பந்தங்களை ஆய்வு செய்யும் சேவைக்கு. அந்தக் கோப்புகளை இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். அரசாங்க அலுவலகத்துக்கு யாராவது நட்சத்திரம் போடுவார்களா என்று கேட்பீர்கள். உணவகத்துக்குப் போடுகிறோம், செருப்புக்குப் போடுகிறோம், நம் தபால் செலவைத் தீர்மானிக்கும் இடத்துக்குப் போட்டால் என்ன?

நான் நியூஜெர்சி எடிசனில், பழைய கேமரா உதிரி பாகங்கள் விற்கும் ஒரு சின்னக் கடைக்குக் கணக்கும் அனுப்புதலும் பார்க்கிறேன். ஷட்டர், லென்ஸ் மூடி, மடிப்புக் கேமராவின் தோல் துருத்தி, இவைதான் சரக்கு. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியாக்காரர்கள். பொருள் கைக்கடக்கம், ஆனால் தபால் செலவு சில நேரம் பொருளின் விலையையே எட்டிப் பிடித்துவிடும். தபால் கட்டணம் கட்டிய ஒட்டுச்சீட்டான லேபிள்களை ஓர் இணைய நிறுவனத்திடம் வாங்குகிறோம். தபால் நிலையக் கவுன்ட்டர் விலையைவிடக் குறைவு. அந்த நிறுவனம் ஒருநாள், 'புதிய கட்டணம் ஒழுங்குமுறை ஆய்வுக்கு உட்பட்டது' என்று ஒரு வரி எழுதி அனுப்பியது. யார் ஆய்வு செய்கிறார்கள் என்று கேட்டால் அவர்களுடைய வாடிக்கையாளர் சேவைக்கே தெரியவில்லை. சரி, நாமே தேடுவோம் என்று இறங்கினேன்.

இறங்கினால் பெரிய கிணறு. தள்ளுபடி விலை என்று நாம் பார்ப்பது தபால்துறை மனம் இரங்கிக் கொடுப்பது அல்ல. ஒவ்வொரு பெரிய வாடிக்கையாளரோடும் தபால்துறை தனித்தனியாக ஒப்பந்தம் போடுகிறது. அதற்குப் பல குடும்பங்கள் உண்டு. நேரடியாகப் பெரிய அளவில் அனுப்புகிறவர்களுக்கு 'குளோபல் எக்ஸ்பெடைடட் பேக்கேஜ் சர்வீசஸ்', சுருக்கமாக ஜெப்ஸ். மொத்தமாக வாங்கிச் சில்லறைக்கு விற்கும் இடைத்தரகர்களுக்கு 'குளோபல் ரீசெல்லர் எக்ஸ்பெடைடட் பேக்கேஜ்', இது 2010-இல் பட்டியலில் ஏறியது. எங்களைப் போன்ற குட்டிக் கடைகளுக்குத் தள்ளுபடி வந்து சேருவது இந்த மாதிரி இடைத்தரகர் வாசல் வழியாகத்தான். ஜெப்ஸின் முதல் வடிவத்துக்கு 2008 ஜூனில் ஒப்புதல் கிடைத்தது. அதன்பிறகு வரும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை 'ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மாதிரி ஒப்பந்தத்தோடு செயலளவில் ஒத்தது' என்று சொல்லிக்கொண்டு அதே குடும்பத்துக்குள் நுழைந்துவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு எண். கோப்பு என்றால் ஒரு கோரிக்கை, கறுப்பு மை பூசிய ஒப்பந்தப் பிரதி, தபால்துறை அதிகாரியின் சான்றொப்பம், ரகசியம் ஏன் வேண்டும் என்ற விண்ணப்பம், கடைசியில் ஆணையத்தின் உத்தரவு. உத்தரவு பெரும்பாலும் சில பக்கம்தான்.

வேகத்துக்கு முழு மதிப்பெண் தருவேன். 2006 டிசம்பரில் கையெழுத்தான தபால் சீர்திருத்தச் சட்டப்படி, இப்படித் தனி வாடிக்கையாளருக்கான விலையை அது நடப்புக்கு வருவதற்குக் குறைந்தது 15 நாள் முன்னால் ஆணையத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். எல்லாருக்கும் பொதுவான விலை என்றால் 30 நாள். அந்தச் சின்ன இடைவெளிக்குள் அரசிதழில் அறிவிப்பு வரும், கருத்துச் சொல்லக் கெடு வைப்பார்கள், ஆணையத்தின் சார்பில் 'பொதுமக்கள் பிரதிநிதி' என்று ஒருவரை நியமிப்பார்கள். அண்மைக் காலமாக அறிவிப்பிலேயே பொது நடவடிக்கை, சுருக்க நடவடிக்கை என்று இரண்டு தலைப்பாகப் பிரித்துவிடுகிறார்கள். வார்ப்பில் ஊற்றியதுபோல் ஒரே மாதிரி இருக்கும் ஒப்பந்தங்கள் இரண்டாவதில் போய் விழும், அவற்றுக்குக் கருத்துக் கெடுவும் பிரதிநிதியும் கிடையாது. நம் ஊரில் ஒரு பட்டா மாறுதலுக்கு ஆகும் காலத்தை நினைத்துப் பார்த்தால் பெருமூச்சுதான் வருகிறது.

பொதுமக்கள் பிரதிநிதியின் கடிதங்களை நிறையப் படித்தேன். நம்மைப் போன்றவர்களின் நலனுக்காகச் சட்டமே ஏற்படுத்திய ஆள். ரகசியக் கணக்குகளைப் பார்க்கும் அனுமதியும் அவருக்கு உண்டு. ஆனால் கடிதங்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். 'கணக்குகளைப் பார்த்தேன், வரும் வருமானம் செலவை ஈடுகட்டும் என்று தோன்றுகிறது, சட்டத்துக்குப் பொருந்துகிறது.' அவ்வளவுதான். எங்கேயாவது ஒரு அடிக்குறிப்பில், ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு தெளிவில்லை என்று முனகினால் அன்றைக்கு எனக்குத் திருவிழா.

இங்கேதான் இந்தச் சேவையை வாங்க வருகிறவர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். புரியாமல் வந்தால் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். ஆணையம் பார்ப்பது மூன்று விஷயம். போட்டியுள்ள சேவைகளுக்கு, கடிதம் போன்ற ஏகபோகச் சேவைகளின் காசு மறைமுகமாகப் போகக் கூடாது. ஒவ்வொரு போட்டிச் சேவையும் தன் தலையில் விழும் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும். எல்லாப் போட்டிச் சேவைகளும் சேர்ந்து தபால்துறையின் பொதுச் செலவில் நியாயமான ஒரு பங்கைத் தர வேண்டும். மூன்றையும் திரும்பப் படியுங்கள். எல்லாமே விலை மிகக் குறைந்துவிடக் கூடாது என்ற கவலை. எனக்குத் தரும் விலை அதிகமா, பக்கத்துக் கடைக்காரருக்கு என்னைவிடக் குறைவாகக் கிடைக்கிறதா என்ற கேள்வி இந்த ஆய்வில் எழவே எழாது. தரை இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள், கூரையை அண்ணாந்து பார்க்க மாட்டார்கள்.

இது வெறும் சம்பிரதாயம் என்றும் சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பார்சலில் செலவைக் கணிப்பது உள்நாட்டைவிடச் சிக்கல். பெட்டி எடிசனிலிருந்து விமான நிலையம் வரை ஒரு செலவு, விமானக் கூலி ஒரு செலவு, அந்த நாட்டுத் தபால்துறை அதைக் கொண்டுபோய் வீட்டில் கொடுப்பதற்கு நம் தபால்துறை கட்ட வேண்டிய தொகை இன்னொரு செலவு. இந்தக் கடைசித் தொகை உலகத் தபால் ஒன்றியத்தின் விதிகளில் எஸ்டிஆர் என்ற, பல நாட்டு நாணயங்களைச் சேர்த்து மதிப்பிடும் கணக்கு அலகில் எழுதப்பட்டிருக்கும். டாலர் சரிந்தால் அதே பெட்டிக்கு நம் பக்கச் செலவு ஏறும். ஒரு வருடத்துக்கு விலையைக் கட்டிப்போடும் ஒப்பந்தத்தில் நடுவே இப்படி ஒரு ஆட்டம் வந்தால் லாபம் நஷ்டமாகிவிடலாம். அதனால்தான் ஆணையம் ஒப்புதல் கொடுத்ததோடு கோப்பை மூடுவதில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில் தபால்துறை தன் கணக்கைத் தாக்கல் செய்யும், அடுத்த 90 நாளுக்குள் ஆணையம் அதைப் பரிசீலித்து ஓர் அறிக்கை வெளியிடும். எந்தச் சேவை செலவை ஈட்டவில்லை என்று அதில் பெயர் சொல்லி எழுதுவார்கள். சர்வதேசப் பண அனுப்புதல் சேவை அந்தப் பட்டியலில் பழகிய முகமாக இருந்தது. என்னைக் கேட்டால் இந்த மார்ச் மாத அறிக்கைதான் கோப்பறையிலேயே மிகச் சுவையான பதார்த்தம். மற்ற எல்லாம் அதற்கு முன்னால் வைக்கும் தண்ணீர்.

இந்த ஆய்வே ஒரு காலத்தில் கிடையாது என்பதையும் கணக்கில் எடுத்தேன். 1990-களில் தபால்துறை பெரிய வாடிக்கையாளர்களோடு வெளிநாட்டு அஞ்சலுக்குத் தனிப்பேரம் பேசத் தொடங்கியபோது, போட்டி நிறுவனமான யுபிஎஸ் நீதிமன்றம் போனது. 1995-இல் பிலடெல்பியாவில் இருக்கும் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தபால்துறை பக்கம் தீர்ப்புச் சொன்னது. வெளிநாட்டு அஞ்சல் விலையில் இந்த ஆணையத்தின் முன்னோடியான அப்போதைய தபால் விலை ஆணையத்துக்கு அதிகாரமே இருக்கவில்லை. 2006 சட்டம் வந்துதான் கதவு திறந்தது. ஆக, கறுப்பு மை பூசிய ஒப்பந்தத்தையாவது நாம் இன்று பார்க்கிறோம் என்றால் அது அந்தச் சட்டத்தால்.

போட்டியாளர்கள் இந்தக் கோப்பறையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால் பாடம் கிடைக்கும். பொதுச் செலவில் போட்டிச் சேவைகள் தர வேண்டிய குறைந்தபட்சப் பங்கு 2007-இலிருந்து 5.5 சதவீதம் என்று இருந்தது. 2019 ஜனவரியில் ஆணையம் அதை ஒரு சூத்திரமாக மாற்றியது. ஆரம்ப அளவு 8.8 சதவீதம். போதாது என்று யுபிஎஸ் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய், 2020-இல் காரணங்களை மறுபடி விளக்கு என்று ஆணையத்துக்கே திருப்பி அனுப்ப வைத்தது. எல்லாம் தபால்துறை விலையை உயர்த்தத்தான். அந்தச் சண்டையில் என்னைப் போன்ற பார்சல் அனுப்புகிறவனுக்காக யார் பேசுகிறார்கள் என்று தேடினேன். கேட்ட குரல் சன்னமானது.

இனிக் குறை. கறுப்பு மை. ஒப்பந்தப் பிரதியில் வாடிக்கையாளர் பெயர் இல்லை, விலை இல்லை, வருடத்துக்கு எவ்வளவு அனுப்பியாக வேண்டும் என்ற உறுதி இல்லை. மிஞ்சுவது பெட்டியை எப்படிக் கட்டுவது, சுங்கப் படிவத்தை எப்படி நிரப்புவது, தகராறு வந்தால் என்ன செய்வது என்பவைதான். எங்கள் கடையில் பெட்டி கட்டும் திருநெல்வேலித் தம்பி ஒருநாள் திரையை எட்டிப் பார்த்து, "அண்ணே, இதுல நம்ம ரேட்டு எங்க இருக்கு?" என்று கேட்டான். இரண்டு அங்குலக் கறுப்புப் பட்டையைக் காட்டினேன். "இதுக்குள்ளயா?" என்று சிரித்துவிட்டுப் போனான். வணிக ரகசியம் என்ற நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. எதிராளிக்கு விலை தெரிந்தால் ஒரு சென்ட் குறைத்து ஆளைத் தட்டிக்கொண்டு போவான். ஆனால் விலையை மறைப்பது வேறு, பெயரை மறைப்பது வேறு. பொதுத்துறை நிறுவனம் யாருக்குச் சலுகை தருகிறது என்பதாவது தெரிய வேண்டாமா? இதற்கு ஒரு மதிப்பெண் வெட்டு.

இன்னொரு அரை மதிப்பெண் தேடும் வசதிக்கு வெட்டு. கோப்பு எண் கையில் இருந்தால் எல்லாம் எளிது. 'ஜப்பானுக்குப் போகும் பார்சல் ஒப்பந்தங்கள்' என்று பொருள் வாரியாகத் தேட நினைத்தால் முடியாது. நாடு வாரியான விலைப் பட்டியல் கறுப்புக்குள் இருக்கிறதே, தேடல் எதைப் பிடிக்கும்?

பாரபட்சம் என்று உண்மையாகவே நினைத்தால் வேறு வாசல் உண்டு. தபால்துறை பயனர்களுக்குள் நியாயமற்ற வேறுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆணையத்தில் முறைப்படி புகார் கொடுக்கலாம், 90 நாளுக்குள் விசாரணை தொடங்குவதா தள்ளுவதா என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். வீடியோ விளையாட்டு வட்டுகளைத் தபால் வழியே வாடகைக்கு விட்ட கேம்ஃப்ளை என்ற நிறுவனம், தபாலில் டிவிடி அனுப்புவதில் நெட்ஃபிளிக்ஸுக்குக் கிடைத்த கவனிப்பு தனக்கு இல்லை என்று 2009-இல் இந்த வாசலைத் தட்டியது. ஆணையம் பாரபட்சம் இருப்பதாக ஒப்புக்கொண்டது. கொடுத்த பரிகாரம் போதாது என்று நிறுவனம் நீதிமன்றம் போக, 2013-இல் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. நான்கு வருடம். வக்கீல் கூலி தாங்கக்கூடிய கம்பெனி அது. எங்கள் முதலாளியிடம் இந்தக் கதையைச் சொன்னேன், அவர் தேநீர் ஆற்றிக்கொண்டே தலையை ஆட்டினார், அதோடு சரி.

யாருக்கு இது உதவும்? லேபிள் நிறுவனத்தோடு புது ஒப்பந்தம் பேசப் போகிறவர்கள் அவசியம் படியுங்கள். விலை தெரியாது, ஆனால் நிபந்தனைகளின் மொழி தெரியும். எதிர்ப்பக்கத்து ஆள் 'ஆய்வு முடியவில்லை, அதனால் தாமதம்' என்று இழுத்தால், சட்டம் வைத்திருக்கும் கெடு என்னவென்று நீங்களே சொல்லலாம். அரசிதழில் 'புதிய தபால் பொருள்கள்' என்ற தலைப்பில் வரும் அறிவிப்புகளைப் பின்தொடருங்கள், மாற்றம் வரப்போவது முன்கூட்டியே வாடையடிக்கும். வருடத்துக்கு நாலைந்து பார்சல் அனுப்புகிறவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம், தபால்துறையின் இணைய லேபிள் போதும்.

விதிகளில் புதைந்து கிடக்கும் ஒரு வசதியை விட்டுவிடப் பார்த்தேன். ரகசியமாகத் தாக்கல் செய்தவை, ஆணையம் வேறு மாதிரி சொல்லாவிட்டால், 10 ஆண்டில் அந்த அந்தஸ்தை இழக்கும். தானாக இணையத்தில் வந்து விழாது, நாம்தான் மனுப் போட்டுக் கேட்க வேண்டும். இன்னும் மூடியே வைக்க வேண்டும் என்று தபால்துறை மறுக்கலாம். 2010 வாக்கில் இடைத்தரகர்களுக்குக் கிடைத்த விலை என்னவென்று எனக்குப் பார்க்க ஆசை. மனுவின் முதல் வரைவு மேசை இழுப்பறையில் இருக்கிறது, கோப்பு எண்களைச் சரிபார்த்ததும் அனுப்ப வேண்டும்.