ஊசி போடாமல், ரத்தம் எடுக்காமல் 'மெக்னீசியம் நார்மல்' என்று எழுதிக் கொடுத்தார்கள்

என் வீட்டுக்காரருக்கு 54 வயது. லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். போன ஆவணியில் ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. வயசானால் வருவதுதானே என்று தைலம் தேய்த்துவிட்டேன். ஐப்பசிக்குள் பகலிலும் வந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் குவிந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மணிக்கட்டு வளைந்து நின்றுவிடும். பிரித்துவிட்டாலும் பிரியாது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கு என்பார். கழுத்து ஸ்கேன், சர்க்கரை, சோடியம், பொட்டாசியம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு டாக்டர் டென்ஷன் என்றார், இன்னொருவர் கால்சியம் மாத்திரை எழுதினார். இழுப்பு நிற்கவில்லை.

யாராவது ஒரு பதில் சொன்னால் போதும் என்றிருந்த அந்த நேரத்தில்தான் ஒரு நரம்பு சிகிச்சை மையத்துக்குப் போனோம். ஒரு உலோகக் குழாயைக் கையில் பிடிக்கச் சொன்னார்கள். ஒரு நிமிஷம்தான். கம்ப்யூட்டரிலிருந்து 34 பக்க ரிப்போர்ட் வந்தது. இதயம், கல்லீரல், எலும்பு, வைட்டமின் எல்லாவற்றுக்கும் அதில் நம்பர் இருந்தது. அப்புறம் பிரஷர் பார்த்தார்கள். பட்டை இறுகினதும் கை அப்படியே சுருண்டுகொண்டது. "பாத்தீங்களாம்மா, நரம்பு எவ்வளவு வீக்கா இருக்குன்னு" என்று அதையே காட்டி 21 நாள் பேக்கேஜ் விற்றார்கள். 38,500 ரூபாய். என் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். தினமும் ஒரு மெஷின், எண்ணெய், லேபிள் இல்லாத டப்பாவில் ஒரு பொடி. பொடி சூடு என்பதால் கேஸ் மாத்திரையை விட்டுவிடாதீர்கள் என்று வேறு சொன்னார்கள்.

பதினாறாம் நாள் அவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கேயும் முதலில் பிரஷர்தான் பார்த்தார்கள், அங்கேயும் கை சுருண்டது. ஆனால் அந்த நர்ஸ் பட்டையைக் கழற்றாமல் டாக்டரைக் கூப்பிட்டார். அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு ட்ரூசோ அறிகுறின்னு பேரும்மா. கால்சியம் ரொம்பக் குறைஞ்சா இப்படி வரும். என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்?" என்றார்.

கால்சியம் மாத்திரையைக் காட்டினேன்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல சார். காலைல வெறும் வயித்துல கேஸ் மாத்திரை மட்டும்."

"எத்தனை வருஷமா?"

ஆறு வருஷம். வயிற்றுப்புண்ணுக்கு இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த பேன்டோபிரசோல். மருந்துக் கடையில் சீட்டு கேட்காமல் கொடுத்தார்கள், நாங்களும் வாங்கிக்கொண்டே இருந்தோம். அதை நான் மருந்தாகவே நினைக்கவில்லை.

ரத்தத்தில் கால்சியம் 6.9. மெக்னீசியம் 0.7, ஏறக்குறைய 1.7-க்குக் கீழே போகக் கூடாதாம். இந்த வகை மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடும் சிலருக்கு, குடல் மெக்னீசியத்தைச் சரியாக உறிஞ்சாமல் போகும் என்று டாக்டர் விளக்கினார். மெக்னீசியம் ரொம்பக் குறைந்தால், கால்சியத்தைக் கவனிக்கும் பாராதைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாது. அதனால்தான் வெறும் கால்சியம் மாத்திரை கேட்கவில்லை. இதயத் துடிப்பே தாறுமாறாகலாமாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே இதை எச்சரித்திருக்கிறது. சோடியம், பொட்டாசியம் பார்க்கிற வழக்கமான டெஸ்டில் மெக்னீசியம் வராது, தனியாக எழுத வேண்டும்.

டிரிப்ஸில் மெக்னீசியம் ஏற்றினார்கள். கேஸ் மாத்திரையை நிறுத்தி வேறு வகை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவரே சட்டைப் பட்டன் போட்டுக்கொண்டார். பார்த்து அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த 34 பக்கத்தைப் புரட்டினேன். பதினோராம் பக்கத்தில் 'மெக்னீசியம்: நார்மல்'. ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல்!

இதைப் படித்துவிட்டு யாரும் கேஸ் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு அது கட்டாயம் தேவை, திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் அதிகமாகலாம். டாக்டரிடம் எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லி, மெக்னீசியம் பார்க்கலாமா என்று கேளுங்கள். கை கால் இழுப்பு இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

மையத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ட்ரீட்மென்ட்டை நீங்கதானே பாதியில விட்டீங்க" என்கிறார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதியாயிற்று, 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது. அவர்கள் கொடுத்தது பில் இல்லை, வெள்ளைத் தாளில் ஒரு கையெழுத்துதான். அந்தத் தாளையும், மிச்சப் பொடியை டப்பாவோடும், பதினோராம் பக்கத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்படிக் குழாயைப் பிடித்து ரிப்போர்ட் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.